கொட்டகையும் வேலியோரமும்: உலாவியில் காணொளி பார்த்த வரலாறு

வலைப்பக்கத்தில் ஒரு படத்தை இடுவதற்கான குறிச்சொல்லை மார்க் ஆண்ட்ரீசன் முன்மொழிந்தது 1993ஆம் ஆண்டு பிப்ரவரியில். அசையும் படத்துக்கு அத்தகைய குறிச்சொல் ஒன்றை ஓபரா உலாவியின் பொறியாளர்கள் முன்வைத்தது 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில். இடைப்பட்ட காலம் 14 ஆண்டுகள். நம் இதிகாசக் கணக்கில் ஒரு வனவாசம். அந்தக் காலம் முழுவதும் காணொளி வலைப்பக்கத்துக்குள் சொந்த வீடின்றி, ஏதேனும் ஒரு நிறுவனம் போட்டுக்கொடுத்த கொட்டகையில் ஒண்டிக்கொண்டிருந்தது. கொட்டகைக்காரர் யாரை உள்ளே விட்டாரோ அவர்கள் படம் பார்த்தார்கள். மற்றவர்கள் வேலியோரமாக நின்று கீற்றிடுக்கின் வழியே பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். இணையத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கொட்டகைகளைப் பற்றியே எழுதுகிறார்கள். வேலியோரத்துக் கதை அதனினும் சுவையானது என்பது நம் எண்ணம்.

எழுத்துக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. வலைப்பக்கத்தின் எழுத்தை வரைகலை உலாவியில் படிக்கலாம், கருந்திரையில் எழுத்து மட்டுமே காட்டும் லின்க்ஸ் என்னும் பழைய உலாவியில் படிக்கலாம், பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பானைக் கொண்டு கேட்கலாம். எந்தக் கருவியால் படிக்கிறாய் என்று பக்கத்தை எழுதியவர் கேட்பதில்லை. ‘எழுத்துக்கும் இருந்ததே’ என்று தமிழ் வாசகர் குறுக்கிடக்கூடும். உண்மைதான். யூனிகோடு பரவுவதற்கு முன்னர் இதழுக்கு ஒரு குறிமுறை, குறிமுறைக்கு ஓர் எழுத்துரு என்று இறக்கி நிறுவிக்கொண்டு படித்த தலைமுறை நாம். ப்ரௌசிங் சென்டரின் கணினியில் எழுத்துருவை நிறுவ அனுமதியில்லாமல், திரை நிறையக் கிறுக்கலைப் பார்த்துவிட்டு எழுந்துவந்தவர்களுக்கு இக்கட்டுரையின் மையச் சிக்கல் உடனே விளங்கும். எழுத்துக்கு யூனிகோடு என்றொரு பொது ஏற்பாடு வாய்த்தது. காணொளிக்கு அது எளிதில் வாய்க்கவில்லை. அதற்குக் காரணம் பணம்.

1996இல் வெளியான நெட்ஸ்கேப் 2.0 உலாவி, தன்னால் காட்ட முடியாதவற்றைக் காட்டப் பிறர் எழுதிய துணைநிரல்களைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும் வசதியோடு வந்தது. ப்ளக்-இன் என்று நாம் வழங்கியது இதைத்தான். பக்கத்தின் நடுவே ஒரு செவ்வகத்தை ஒதுக்கி, ‘இதற்குள் நடப்பது என் பொறுப்பன்று’ என்று உலாவி ஒதுங்கிக்கொள்ளும். உரிய ப்ளக்-இன் இல்லையென்றால் அந்தச் செவ்வகத்தில் ஒரு புதிர்த்துண்டின் சின்னம் மட்டும் தெரியும். 1995இல் ரியல்ஆடியோவைக் கொண்டுவந்த ராப் கிளேசரின் நிறுவனம் 1997இல் ரியல்வீடியோவையும் வெளியிட்டது. ஆப்பிள் 1991இலேயே குவிக்டைமைக் கொணர்ந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு விண்டோஸ் மீடியாவை இறக்கியது. மூவரின் கோப்புகளும் மூன்று வகை. ஒருவர் கோப்பை மற்றவர் நிரல் திறக்காது. படத்தைச் சுருக்கி அனுப்பவும் விரித்துக் காட்டவும் பயன்படும் கணித முறைக்குக் கோடெக் என்று பெயர். சண்டை முழுவதும் அந்தக் கோடெக்கைப் பற்றியது. அதன் சூத்திரம் யாரிடம் இருக்கிறதோ அவர் கையில் கொட்டகையின் சாவி.

முதல் பக்கவழி மிக எளியது. ரியல்வீடியோ இணைப்பைச் சொடுக்கினால் முதலில் வருவது படமன்று. ‘ராம்’ என்ற ஒட்டுடைய மிகச் சிறிய கோப்பு. மைக்ரோசாஃப்டுக்கு ‘ஏஎஸ்எக்ஸ்’. இவற்றை நோட்பேடில் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது வெறும் எழுத்து: படம் எந்தச் சர்வரில், எந்த முகவரியில் இருக்கிறது என்னும் தகவல். பூட்டிய கதவின் சாவியை வாசற்படி மாடத்திலேயே வைத்துவிட்டுப் போனதைப் போல. முகவரியை நகலெடுத்து வேறொரு இயக்கியிடம் கொடுத்துவிட்டால் உலாவியும் வேண்டாம், ப்ளக்-இன்னும் வேண்டாம்.

அந்த ‘வேறொரு இயக்கி’ எங்கிருந்து வந்தது? ஹங்கேரியில் அர்பாத் கெரியோஃபி 2000இல் தொடங்கிய எம்ப்ளேயர் ஒன்று. பாரீஸின் எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கி, 2001 பிப்ரவரியில் கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியான வி.எல்.சி. மற்றொன்று. விண்டோஸுக்கென எழுதப்பட்ட கோடெக் கோப்புகளை அப்படியே பெயர்த்துவந்து லினக்ஸில் ஏமாற்றி ஓடவைத்தது எம்ப்ளேயர். சட்டப்படி இது சரியா என்ற ஐயத்தால் லினக்ஸ் வெளியீட்டாளர்கள் பலர் அக்கோப்புகளைத் தொடவில்லை. பயனர்களே தேடி எடுத்துப் பொருத்திக்கொண்டார்கள். அதே 2000இல் பிரான்ஸின் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் இன்னும் கடினமான வேலையைக் கையிலெடுத்தது: பிறர் கோடெக்கைக் கடன் வாங்காமல் புதிதாக எழுதுவது. சூத்திரம் வெளியிடப்படாத கோடெக்குகளுக்கு, அந்தந்த நிறுவனத்தின் நிரல் நடந்துகொள்ளும் விதத்தை வெளியிலிருந்து பார்த்துப் பார்த்து உள்ளமைப்பை ஊகித்தார்கள். கல்வெட்டாய்வாளர் சிதைந்த வரியை மீட்பதற்கு நிகரான வேலை என்று நாம் சொன்னால் மிகையாகாது.

மும்முனைப் போட்டியை முடித்துவைத்தது எவரும் காணொளிக்கென நினைத்திராத ஒரு நான்காவது ஆள். ஃப்யூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் அசைவோவியங்களுக்காகப் பிறந்து, மேக்ரோமீடியாவின் கைக்கு வந்து ஃப்ளாஷ் ஆன நிரல், 2002இல் வெளியான ஆறாம் பதிப்பில் காணொளியையும் ஏற்றது. விளம்பரங்களுக்காகவும் விளையாட்டுகளுக்காகவும் ஏற்கெனவே பெரும்பாலான கணினிகளில் குடியேறியிருந்ததால் புதிதாக எதையும் நிறுவச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2005 ஏப்ரல் 23 அன்று யூட்யூப் தளத்தின் முதல் காணொளி, சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்கு முன் ஜாவேத் கரீம் நிற்கும் 19 நொடிப் படம், ஏற்றப்பட்டது. அடுத்த ஆண்டே கூகுள் அத்தளத்தை 165 கோடி டாலருக்கு வாங்கியது. மேக்ரோமீடியாவை அடோபி 2005 இறுதியிலேயே வாங்கிவிட்டிருந்தது.

கொட்டகைகள் மூன்றாக இருந்தபோது ஒன்றில் இடமில்லையென்றால் மற்றொன்று என்ற நிலையாவது இருந்தது. இப்போது ஒன்றே. லினக்ஸ் பயனர்களுக்கு ஃப்ளாஷின் எட்டாம் பதிப்பு வரவே இல்லை. ஏழிலிருந்து நேராக ஒன்பதுக்கு, 2007 ஜனவரியில்தான் தாவ முடிந்தது. ஃப்ளாஷுக்கு மாற்றாக க்னூ திட்டத்தின் கீழ் ராப் சாவோய் தொடங்கிய ‘க்னாஷ்’ ஒரு விசித்திர நிபந்தனையோடு வளர வேண்டியிருந்தது. ஃப்ளாஷ் கோப்பின் அமைப்பை விளக்கும் ஆவணத்தை அடோபி வெளியிட்டிருந்தது. ஆனால் அதைப் படித்து மற்றொரு இயக்கியை எழுதக்கூடாது என்பது அந்த ஆவணத்தின் உரிமம். 2008 மே மாதம் வரை அத்தடை நீடித்தது. ஒரு நூலை விற்றுவிட்டு, இதைப் படித்தவர் உரை எழுதக்கூடாது என்று சொல்வதை ஒத்த ஏற்பாடு.

வேலியோரத்தார் ஆவணத்துக்குக் காத்திருக்கவில்லை. யூட்யூப் அனுப்பிய கோப்பு சாதாரண வலைக்கோப்பைப் போலவே கணினிக்கு வந்து சேர்ந்தது. லினக்ஸில் ஃப்ளாஷ் அதைத் தற்காலிகக் கோப்புறையில் எழுதிவைத்துக்கொண்டுதான் ஓட்டியது. படம் முழுவதும் இறங்கும் வரை காத்திருந்து அக்கோப்பை எம்ப்ளேயரில் திறந்தால் போதும். பின்னர் வந்த பதிப்புகள் கோப்பை உண்டாக்கியதும் அதன் பெயரை நீக்கிவிடும் தந்திரத்தைச் செய்தன. பெயர் போனாலும் நிரல் பிடித்துக்கொண்டிருக்கும் வரை கோப்பு போவதில்லை என்பது யூனிக்ஸ் மரபு. லினக்ஸின் ‘ப்ராக்’ கோப்புறைக்குள் சென்று அதையும் எடுத்தார்கள். இந்த வேலையை ஒரே கட்டளையில் முடிக்க ஸ்பெயினின் ரிக்கார்டோ கார்சியா 2006இல் எழுதி வெளியிட்ட சிறு நிரலே யூட்யூப்-டிஎல். அது பின்னர் நீதிமன்றம் வரை போகும்.

*

பக்கவழி தேடியவர்கள் எல்லாரும் திருட்டுப் படம் பார்த்தவர்கள் என்ற எண்ணம் உண்டு. அதை மறுக்க 2007–08இல் பிரிட்டனில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

பிபிசி என்பது ஒவ்வொரு வீட்டாரும் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் நடப்பது. 2007 ஜூலை 27 அன்று அது தன் ஐபிளேயர் சேவையின் சோதனை வடிவத்தைத் தொடங்கியது. ஒளிபரப்பான நிகழ்ச்சிகளை இறக்கி வைத்துப் பார்க்கலாம். குறித்த நாட்களுக்குப்பின் கோப்பு தானே செயலிழக்கும். அந்தத் தானியங்கிப் பூட்டு மைக்ரோசாஃப்டின் தொழில்நுட்பம். ஆதலால் சேவை விண்டோஸ் எக்ஸ்பிக்கு மட்டும். ஆப்பிள், லினக்ஸ் கணினி வைத்திருப்போரும் அதே கட்டணத்தைத்தான் செலுத்தினார்கள். மனுக்கள் பறந்தன. வேடிக்கை என்னவென்றால், இதே பிபிசியின் ஆய்வுப் பிரிவு 2004இல், யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று ஒரு கோடெக்கைத் தானே உருவாக்கி வெளியிட்டிருந்தது. இயற்பியலாளர் டிராக்கின் பெயரையும் அதற்குச் சூட்டியிருந்தது. ஒரே மாளிகையின் ஒரு கதவு அகலத் திறந்திருக்க, மறு கதவில் பூட்டு.

டிசம்பரில் ஃப்ளாஷ் வழியான ஒளிபரப்பு வந்தபின் எதிர்ப்பு ஓரளவு தணிந்தது. 2008 மார்ச்சில் பிபிசி தன் சேவையை ஐஃபோனுக்கும் நீட்டித்தது. ஐஃபோனில் ஃப்ளாஷ் இல்லை. மைக்ரோசாஃப்டின் பூட்டும் இல்லை. ஆகவே அதற்கு மட்டும் பூட்டற்ற எம்பி4 கோப்பு அனுப்பப்பட்டது. வந்திருப்பது ஐஃபோன்தானா என்று சர்வர் எப்படி அறியும்? உலாவி ஒவ்வொரு முறையும் சொல்லும் தன்விவர வரியை வைத்து. அவ்வரியை ஃபயர்ஃபாக்ஸில் நாமே மாற்றி எழுதலாம். சில நாட்களில் பலரும் ‘நான் ஐஃபோன்’ என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். பொய்தானே என்றால், பொய்தான்; ஆனால் பெரிய உலாவிகள் யாவும் அந்த வரியைத் தம்மை ‘மொசில்லா’ என்று சொல்லிக்கொண்டே தொடங்குகின்றன. 90களில் நெட்ஸ்கேப்புக்கு மட்டும் கிடைத்த பக்கங்களைப் பெறுவதற்காக இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சொல்லத் தொடங்கிய பொய் அது. இணையத்தின் ஆள்மாறாட்டம் அதன் பிறப்போடு வந்தது.

பிபிசி ஓட்டையை அடைத்தது, மறுபடி திறந்தார்கள், மறுபடி அடைத்தது. அவ்வாண்டே ‘கெட்_ஐபிளேயர்’ என்ற கட்டற்ற நிரல் தோன்றிப் பல கைகள் மாறி வளர்ந்தது. இங்கே உள்ளே நுழைந்தவர்கள் தாம் ஏற்கெனவே விலை கொடுத்திருந்த ஒன்றைத் தம் கருவியில் பார்க்க முனைந்தவர்கள். எல்லாரும் அப்படியா என்றால் இல்லை. கோப்பை வைத்து வணிகம் செய்தவர்களும் எங்கும் உண்டு. இரண்டையும் ஒரே பூட்டால் தடுக்க முயன்றதில்தான் கோளாறு.

*

இப்போது 2007 பிப்ரவரிக்குத் திரும்புவோம். ஓபராவின் ஹோகான் வியும் லீ முன்வைத்தது இரண்டு பகுதிகள் கொண்ட யோசனை. ஒன்று, காணொளிக்கெனத் தனிக் குறிச்சொல். இரண்டு, எல்லா உலாவிகளும் பொதுவாக ஏற்கும் ஒரு கோடெக்: ஆக் தியோரா. ஆன்2 என்ற நிறுவனம் தன் விபி3 கோடெக்கை 2001இல் பொதுவுக்கு விட்டுக்கொடுக்க, ஸிஃப் அறக்கட்டளை அதை வளர்த்து தியோரா ஆக்கியது. பெயர், ‘மேக்ஸ் ஹெட்ரூம்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் பாத்திரமொன்றிலிருந்து. இதன் இணையான ஒலிக் கோடெக் வோர்பிஸ், டெர்ரி ப்ராட்செட்டின் ‘ஸ்மால் காட்ஸ்’ நாவலில் வரும் கொடிய சமயாதிகாரியின் பெயர். நிரலாளர்களின் புத்தக அலமாரியை ஆராய யாரேனும் முன்வந்தால் நல்ல கட்டுரை ஒன்று கிடைக்கும்.

முதல் பகுதியை எல்லாரும் ஏற்றார்கள். இரண்டாவதில் முட்டிக்கொண்டது. தியோராவே உரிமை ஆவணமற்ற சொந்தச் சரக்கு என்ற தோரணையில் நோக்கியா 2007 இறுதியில் ஓர் அறிக்கை அளித்தது. ஆப்பிளும் எதிர்த்தது. வரைவிலிருந்து தியோராவின் பெயர் நீக்கப்பட்டது. 2009 ஜூன் 29 அன்று தரநிலையின் ஆசிரியர் இயான் ஹிக்சன் எழுதிய கடிதம் அந்த முட்டுச்சந்தின் வரைபடம். ஆப்பிள் தியோராவை ஏற்காது: சில்லுகளில் ஆதரவில்லை, மறைந்திருக்கும் பேட்டன்ட் பற்றிய அச்சம். கூகுள் இரண்டையும் குரோமில் வைக்கும், ஆனால் யூட்யூபின் அளவுக்குத் தியோராவின் தரம் போதாது என்கிறது. ஓபரா ஹெச்.264 கோடெக்கை ஏற்காது: பேட்டன்ட் கட்டணம் கட்டுப்படியாகாது. மொசில்லாவும் ஏற்காது. மைக்ரோசாஃப்ட் வாய்திறக்கவில்லை. ஆகவே எந்தக் கோடெக்கையும் குறிப்பிடாமல் விடுகிறேன் என்று முடித்தார் ஹிக்சன். தரநிலை இன்றளவும் எந்தக் கோடெக்கையும் கட்டாயமாக்கவில்லை.

மொசில்லாவின் நிலையை இங்கே நின்று கவனிப்பது தகும். ஹெச்.264 உரிமத்துக்கான கட்டணம் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வரை போகும். அதை மொசில்லா கட்டியிருக்கக்கூடும். ஆனால் ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரலை எடுத்துத் திருத்தித் தம் பெயரில் வெளியிடும் எளியவருக்கு அந்த உரிமம் செல்லாது. தான் மட்டும் நுழைந்து பின்னால் வருபவருக்குக் கதவை மூடுவதில்லை என்று மொசில்லா நின்றது. நம் பார்வையில் இந்த வரலாற்றின் மிக உயர்ந்த தருணம் இதுவே. தோற்கவிருந்த நிலைப்பாடு என்பதும் உண்மை.

முட்டுச்சந்தில் நின்ற வலைப்பக்க எழுத்தாளர்களுக்கு அதே 2009இல் க்ராக் கேமன் ஒரு வழி காட்டினார். செப்புக்குள் செப்பு வைத்ததுபோல் அடுக்கிய சில வரிகள்: உலாவிக்கு எம்பி4 தெரிந்தால் அது, இல்லையேல் ஆக், குறிச்சொல்லே தெரியாத பழைய உலாவியென்றால் ஃப்ளாஷ், எதுவுமே இல்லையேல் கோப்பை இறக்கிக்கொள்ள ஓர் இணைப்பு. நிறுவனங்கள் கூடிப் பேசி முடிக்க முடியாததை ஒரு பக்கத்தின் கீழ் ஒருவர் அடுக்கி முடித்திருந்தார். ஒவ்வொரு காணொளியையும் இருமுறை சுருக்கிச் சேமிக்க வேண்டியிருந்தது இதன் விலை.

கொட்டகையைப் பிரித்தது கடைசியில் வேலியோரத்தார் அல்லர். 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதம், ஐஃபோனிலும் ஐபேடிலும் ஃப்ளாஷ் ஒருபோதும் வராது என்பதற்குக் காரணங்களை அடுக்கியது. ஃப்ளாஷ் ஒரு மூடிய அமைப்பு, வலையோ திறந்த தரநிலைகளால் ஆனது என்பது முதற் காரணம். தன் கடைக்கு வெளியே ஒரு செயலியையும் அனுமதிக்காத கருவியை விற்றவர், பேட்டன்ட் கட்டணம் கேட்கும் ஹெச்.264ஐப் பரிந்துரைத்துக்கொண்டே இதைச் சொன்னார். சொன்னது சரி, சொன்ன வாய்தான் நெருடல். கூகுள் ஆன்2வை வாங்கி அதன் விபி8 கோடெக்கை அவ்வாண்டு மே மாதம் இலவசமாக வெளியிட்டது. ஆனால் கைபேசிச் சில்லுகள் ஹெச்.264ஐயே அறிந்திருந்தன. 2012இல் மொசில்லா இறங்கிவந்து, கருவியில் ஏற்கெனவே உள்ள கோடெக்கைப் பயன்படுத்திக்கொள்வது என்று முடிவெடுத்தது. 2013 அக்டோபரில் சிஸ்கோ, கட்டணத்தைத் தானே செலுத்தி, எவரும் இறக்கிக்கொள்ளத்தக்க ஹெச்.264 நிரலை அறிவித்தது. 2015 ஜனவரியில் யூட்யூப் ஃப்ளாஷைக் கைவிட்டுப் புதிய குறிச்சொல்லுக்கு மாறியது. வனவாசம் முடிந்தது.

முடிசூட்டு விழாவோடு கூடவே வந்தது ஒரு நிபந்தனை. கூகுள், மைக்ரோசாஃப்ட், நெட்ஃப்ளிக்ஸ் ஆகியவற்றின் பொறியாளர்கள் 2012இல் கொணர்ந்த முன்மொழிவு, பூட்டிய காணொளியை உலாவியின் உள்ளேயே வைத்துத் திறப்பதற்கான ஏற்பாடு. பூட்டைத் திறக்கும் பெட்டி மட்டும் மூடியதாகவே இருக்கும். டிம் பெர்னர்ஸ்-லீ தலைமையிலான உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017 செப்டம்பரில் இதைத் தரநிலையாக ஏற்றது: ஆதரவு 58.4 விழுக்காடு, எதிர்ப்பு 30.8, நடுநிலை 10.8. பாதுகாப்பை ஆராய்பவர்களும், பார்வையற்றோருக்கு ஏற்பப் படத்தை மாற்றியமைப்பவர்களும் வழக்குக்கு ஆளாகாதிருக்க உறுதி கேட்டுக் கிடைக்காமல், எலக்ட்ரானிக் ஃப்ராண்டியர் ஃபவுண்டேஷன் அன்றே அமைப்பிலிருந்து வெளியேறியது. பரவலாகப் புழங்கும் பெட்டி கூகுளின் வைட்வைன். தனியொருவர் உருவாக்கிக்கொண்டிருந்த உலாவிக்காக அதைக் கேட்டு நான்கு மாதம் காத்திருந்தபின் 2019இல் மறுப்புப் பதில் வந்தது. புதிதாக உலாவி எழுதுவோர் பிறரிடம் அனுமதி கேட்கும் நிலை, வலையின் வரலாற்றில் அதற்கு முன் இருந்ததில்லை.

யூட்யூப்-டிஎல் நிரலின் முறை 2020 அக்டோபர் 23 அன்று வந்தது. அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் அனுப்பிய அறிவிப்பை ஏற்று கிட்ஹப் தளம் அந்நிரலை நீக்கியது. நிரலைச் சோதிப்பதற்கான வரிகளில் புகழ்பெற்ற சில பாடல்களின் முகவரிகள் இருந்தது சங்கத்தின் கைக்கு வாய்த்த சான்று. அதை அங்கே வைத்தது அறிவீனம் என்றே நமக்கும் தோன்றுகிறது. ஆனால் காணொளிச் சான்றுகளைச் சேமிக்கும் பத்திரிகையாளர்களும் ஆவணக் காப்பாளர்களும் அதே நிரலை நம்பியிருந்தார்கள். எதிர்ப்பாளர் ஒருவர் நீக்கப்பட்ட மூலநிரலை, நீக்க அறிவிப்புகளைக் கிட்ஹப் வெளியிடும் அதே பக்கத்துக்குள் தோன்றும்படிச் செய்துவிட்டார். ஃபவுண்டேஷனின் வழக்கறிஞர்கள் எழுதிய பதிலின் சாரம் இது: யூட்யூப் தன் பக்கத்தோடு ஒரு சிறு நிரலைக் காண வரும் எல்லாருக்கும் அனுப்புகிறது, உலாவி அதை ஓட்டிக் காணொளியின் முகவரியைப் பெறுகிறது, யூட்யூப்-டிஎல் செய்வதும் அதுவேதான். நவம்பர் 16 அன்று நிரல் திரும்ப வந்தது. கேள்வி அத்தோடு தீரவில்லை. அந்நிரலின் தளத்துக்கு இடமளித்த ஜெர்மானிய நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் ஹாம்பர்க் நீதிமன்றம் 2023இல், யூட்யூபின் அந்த ஏற்பாடு ஒரு பாதுகாப்புப் பூட்டே என்று தீர்ப்பளித்தது. ஒரே வரிகள் ஒரு நாட்டில் கதவு, மற்றொன்றில் பூட்டு.

ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்த நிரல் தானே ஓட மறுத்தது. அதற்கு முன்பே, நவம்பரில், இன்டர்நெட் ஆர்க்கைவ் பழைய ஃப்ளாஷ் அசைவோவியங்களை ரஃபுள் என்ற கட்டற்ற நிரலின் துணையோடு உலாவியிலேயே ஓட்டத் தொடங்கியிருந்தது. க்னாஷ் முழுமையாக்க முடியாமல் விட்ட வேலையை மற்றொரு தலைமுறை வேறொரு மொழியில் எழுதியது.

ரியல்வீடியோவின் கதை இதனினும் வருத்தத்துக்குரியது. 90களின் இறுதியில் எத்தனையோ செய்திகளும் உரைகளும் கச்சேரிகளும் ஓடையாக மட்டுமே வந்தன; கணினியில் தங்குவதில்லை என்பதே அந்த முறையின் பெருமையாக இருந்தது. அந்த ‘ராம்’ கோப்புகள் பழைய வட்டுகளில் இன்றும் அகப்படுகின்றன. நோட்பேடில் திறந்தால் முகவரி தெரிகிறது. முகவரியில் சர்வர் இல்லை. யாரோ ஒருவர் அன்று ஓடையைப் பிடித்துக் கோப்பாக்கி வைத்திருந்தால் மட்டும், எஃப்எஃப்எம்பெக் குழுவினர் வெளியிலிருந்து பார்த்து மீட்டெழுதிய கோடெக்கின் தயவில், அது வி.எல்.சி.யில் ஓடுகிறது: தபால்தலையளவுப் படம், கட்டங்கட்டமாக உடைந்த முகங்கள், குரல் மட்டும் தெளிவாக.